மூன்றாவது செட் வரவே இல்லை

டென்னிஸில் நடுவர் இல்லாத ஆட்டங்களே அதிகம். கல்லூரி மட்டத்தில் இறுதி ஆட்டத்துக்குத்தான் உயர நாற்காலியில் ஒருவர் உட்காருவார். மற்ற நாட்களில், வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியவர் இந்தப் பக்கம் ஆடுகிறவர்தான். சந்தேகமாக இருந்தால் பந்து உள்ளே, புள்ளி எதிராளிக்கு. ஜொகூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடங்களுக்கு மேல் டென்னிஸ் பயிற்சியாளராக இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் ராக்கெட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன். கோட்டில் பட்ட பந்தை வெளியே என்று சொன்ன நல்ல ஆட்டக்காரர்களை அணியிலிருந்து நிறுத்தியிருக்கிறேன். அந்த விஷயத்தில் மனிதர் கறார் என்று மற்ற கல்லூரிகளிலும் சொல்வார்கள். அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றேன்.

நான் லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்துக் கிராணி. ஆபீஸ் வேலை என்பதால் மேனேஜர்களின் கிளப்பில் ஓரளவு போக்குவரத்து உண்டு. மேனேஜர்கள் ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் அங்கிருந்த ஒரே டென்னிஸ் கோர்ட் சும்மா கிடக்கும். அதில் ஆடிப் பழகினேன். ஆங்கிலப் பள்ளிக்கூடம், கல்லூரி, பிறகு மாநில அணி. மாநில அணியில் எப்போதும் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆளாகத்தான் இருந்தேன். ஆனாலும் பல முறை முதல் ஆளாக இறக்கிவிடப்பட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

அணிப் போட்டியில் மூன்று ஒற்றையர் ஆட்டம், இரண்டு இரட்டையர் ஆட்டம். ஐந்தில் மூன்றை எடுத்த அணி ஜெயிக்கும். இவர்களுடைய முதல் ஆள் அவர்களுடைய முதல் ஆளோடும், இரண்டாம் ஆள் இரண்டாம் ஆளோடும் ஆடுவார்கள். வரிசையை ஆட்டக்காரர்களின் பலத்தின்படி நேர்மையாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எதிர் அணியின் முதல் ஆள் யாராலும் வெல்ல முடியாதவராக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. நம்முடைய பலவீனமான ஆளை அவருக்கு எதிரே நிறுத்திப் பலி கொடுத்துவிட்டு, நம் முதல் இரண்டு பேரையும் ஒரு படி கீழே இறக்கினால் மற்ற இரண்டு ஆட்டமும் நமக்கு. என்னை அப்படித்தான் நிறுத்தினார்கள். "இன்னைக்கு ஆட்டுக்குட்டி நீதான் லா" என்று என் பயிற்சியாளர் முதுகில் தட்டிச் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவேன். விதியை மீறிய காரியம்தான். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தார்கள்.

முழங்கால் போன பிறகு கல்லூரியில் வேலை கிடைத்தது. விளையாட்டுத் துறையில் விரிவுரை, மாலையில் டென்னிஸ். ஜொகூரில் மாலையில் டென்னிஸ் என்றால் பாதி நாள் தண்ணீர் தள்ளுவதுதான் வேலை. மூன்று மணிக்கு மழை கொட்டும், நாலரைக்கு வெயில் வரும். நீளக் கழியில் ரப்பர் பட்டை வைத்த தள்ளுக்கட்டையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வரிசையாகத் தள்ளுவோம். நானும் தள்ளுவேன். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பேசுவார்கள். யார் வீட்டில் என்ன, யார் யாரைக் காதலிக்கிறார்கள், எந்த விரிவுரையாளர் தூங்கி வழிகிறார் எல்லாம் தண்ணீர் தள்ளும்போது காதில் விழும். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இப்போது வசதியாக இருக்கிறது. ஒருத்தி நானாஸ். ஒருத்தி தெங்காரா.

நானாஸ், பெக்கான் நானாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முழுக்கைச் சட்டையும் தலையில் துடோங்கு முக்காடுமாக ஆடுவாள். என் பெண்கள் அணியில் அவள்தான் முதல் ஆள். எடுத்த எடுப்பிலேயே எதிராளியைப் பின்னால் தள்ளிவிடும் ஆட்டம். இரண்டாவது, குளுவாங்கிலிருந்து வந்த ஒரு சீனப் பெண். மூன்றாவது தெங்காரா. பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சமூக மண்டபத்தின் பின்சுவரில் பந்தடித்துப் பழகியவள். அவள் அப்பா ஃபேக்டரி பஸ் ஓட்டினார். அவளுடைய இரண்டாவது செர்வ் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் பந்தை விடமாட்டாள். எங்கே அடித்தாலும் திரும்பி வரும். கோட்டில் பட்ட மாதிரி இருந்த பந்துகளை அவள் எதிராளிக்குக் கொடுத்துக் கொடுத்தே பாதி ஆட்டங்களைத் தோற்றாள்.

"கண்ணத் தொறந்து பாரு லா, அது ஒரு முழம் வெளிய" என்று நானாஸ் கத்துவாள்.

"எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

"உனக்குச் சோறு சாப்பிடறதுல மட்டும் சந்தேகமே வராது."

இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இரண்டு வருடமாகத் தெங்காரா நானாஸிடம் தோற்றுக்கொண்டே இருந்தாள். பயிற்சி ஆட்டம், வரிசைக்கான சவால் ஆட்டம் எதிலும் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அவளை ஒரே ஒரு முறை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர தெங்காராவுக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு என்னிடம் வந்து, "எங்க விட்டேன் கோச்?" என்று கேட்பாள். நானும் உட்கார்ந்து விளக்குவேன்.

அவர்களுடைய கடைசி ஆண்டில் பெண்கள் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அதுவரை என் பெண்கள் அணி கோப்பையைத் தொட்டதில்லை. எதிர் அணியில் முதல் ஆளாக இருந்தவள் தேசிய ஜூனியர் அணியில் ஆடிவிட்டு வந்தவள். அவளை நானாஸ் வெல்ல முடியாது. என் மனம் பழைய குறுக்கு வழிக்குப் போனது. தெங்காராவை முதல் ஆளாக்கிப் பலி கொடுத்துவிட்டால் மற்ற இரண்டு ஒற்றையர் ஆட்டமும் எங்களுக்கு. இரட்டையரில் ஒன்றை எடுத்தால் போதும்.

வரிசையை நினைத்தபடி மாற்ற முடியாது. அணிக்குள் சவால் ஆட்டம் நடந்து, கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ஜெயித்திருக்க வேண்டும். போட்டி அதிகாரி கேட்டால் அதைச் சொல்ல வேண்டும். ஆகவே நானாஸ் தெங்காராவிடம் தோற்க வேண்டியிருந்தது.

பெக்கான் நானாஸுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அது விடுமுறை நாள், அவள் கடையில் இருந்தாள். அவள் அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க மாஸ்டர். எம்பொண்ணு அங்க ஆடறாளா, இல்ல பந்து பொறுக்கிப் போடறாளா? வீட்ல ஒரு தட்டக்கூட எடுத்துப் போட மாட்டேங்குது."

"அத்தா, நீங்க போங்க" என்றாள் அவள். அவர் எனக்கு மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனார். அவருடைய மேசையில் அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே நான் அவர் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் அவகிட்ட தோக்கணுமா கோச்?"

"தோத்தா நீ ரெண்டாவது. அவங்க ரெண்டாவது ஆள நீ ஊதித் தள்ளிடுவ."

"தெங்காராவுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா சும்மா போய் நின்னுட்டு வந்துடுவா. நெசமாவே தான்தான் நம்பர் ஒன்னுன்னு நம்பினாத்தான் ஓடுவா. அவ எவ்வளவு நேரம் ஓட விடறாளோ, அந்தப் பொண்ணு அவ்வளவு களைச்சுப் போய் டபுள்ஸுக்கு வருவா."

நானாஸ் ஐஸ் தண்ணீரை ஸ்ட்ராவால் கலக்கிக்கொண்டே இருந்தாள். "பாவம் கோச் அவ."

"டீமுக்காக லா" என்றேன்.

அவள் முகம் இறுகிப் போயிருந்தது. தோழிக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சவால் ஆட்டம் நடந்தது. அங்சானா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை பார்த்தேன். நானே எழுதிய நாடகத்தை ஒத்திகை பார்க்க வந்தவனைப் போலப் பார்த்தேன். நானாஸின் ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனபோது, அழகாக விட்டாள் என்று நினைத்தேன். தெங்காரா வலைக்கு ஓடிவந்து ஒரு பந்தை மெதுவாகத் தட்டிவிட்டதும் நானாஸ் இரண்டு அடி பின்தங்கி வந்தபோது, கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருந்தால் இன்னும் இயல்பாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் செட் முடிந்ததும் நானாஸ் ராக்கெட்டால் தன் ஷூவிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள். அலமாக், ரொம்ப நடிக்கிறாளே, தெங்காரா கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பயம் வந்தது.

தெங்காரா இரண்டே செட்டில் ஜெயித்தாள்.

அவள் குதிக்கவில்லை. கோர்ட்டிலேயே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"கோச், இது கணக்குல வருமா?"

"வரும்" என்றேன்.

"பிராக்டிஸ்னு சொல்லிட மாட்டீங்களே?"

"சவால் ஆட்டம்தானே. நீதான் இப்ப நம்பர் ஒன்னு."

அவள் திரும்பி நானாஸைப் பார்த்தாள். நானாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தெங்காரா வேலிப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. பேசும்போது வேலிக் கம்பியை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது.

இறுதிப் போட்டி நாளன்று எங்கள் கல்லூரி வாசலில் ஒரு ஃபேக்டரி பஸ் வந்து நின்றது. அவள் அப்பா காலை ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, அப்படியே தெங்காராவுக்குப் போய், அவர்கள் தாமான் குடியிருப்பில் கிடைத்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் குழந்தையோடு பெண்கள், கைலியோடு இரண்டு பேர், மீ ஹூன் சேமியாப் பொட்டலங்கள் நிறைந்த ஒரு பெரிய கூடை. அவர்களில் யாரும் அதற்கு முன் டென்னிஸ் பார்த்ததில்லை. பந்து வலையில் பட்டாலும் கைதட்டினார்கள்.

அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர், நம்பர் ஒன்னாமே? போன்ல சொன்னா. நான் நம்பல. மாஸ்டர்தான் சொன்னாருன்னு சொன்னா, அப்பத்தான் நம்புனேன்."

நான் தலையாட்டினேன்.

முதல் ஆட்டத்திலேயே தெங்காரா இறங்கினாள். நான் கணக்குப் போட்டபடியே தோற்றாள், நான் கணக்குப் போட்டபடியே ஓடினாள். இரண்டு செட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான் அவளுக்குக் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு கேமும் இழுத்துக்கொண்டே போனது. அந்தத் தேசிய ஆட்டக்காரி நடுவில் இரண்டு முறை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தெங்காரா வேலி ஓரம் வந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் புள்ள நேஷனலாம் மா. அதுகூட ஆடித் தோத்தா என்ன" என்று அவள் அப்பா கம்பிக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து நானாஸ் இரண்டாம் ஒற்றையர் ஆடினாள். எதிராளியை நின்ற இடத்தில் நிற்க வைத்து அடித்தாள். ஒரு செட்டில் ஒரு கேம்கூடக் கொடுக்கவில்லை. இவ்வளவு கோபமாக அவள் ஆடி நான் பார்த்ததில்லை. தெங்காரா துண்டை எடுத்துவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரை கண் எடுக்காமல் பார்த்தாள். போன வாரம் தான் ஜெயித்த ஆள் இவள்தானா என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

குளுவாங் பெண்ணும் தன் ஒற்றையரை எடுத்தாள். இரட்டையரில் அந்தத் தேசிய ஆட்டக்காரிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஜெயித்தோம். பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கைலிக்காரர்கள் கோர்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் தெங்காரா நானாஸிடம் போய் நின்றாள்.

"அன்னைக்கு நீ விட்டியா?"

நானாஸ் அவளிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றே போதுமாக இருந்தது.

தெங்காரா என்னிடம் திரும்பினாள். "நீங்க விடச் சொன்னீங்களா கோச்?"

"இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போட்டி அதிகாரியின் மேசைக்கு நடந்து போனாள். அவர் மலாய்க்காரர், பரிசு மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தார். "துவான், சாயா புக்கான் நொம்போர் சத்து" என்றாள். ஐயா, நான் முதல் ஆள் இல்லை. அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் பொறுமையாக மறுபடியும் சொன்னாள். எதிர் அணியின் பயிற்சியாளருக்கு உடனே புரிந்துவிட்டது.

வரிசையில் மோசடி என்று முடிவானது. கோப்பை அவர்களுக்குப் போனது. எங்கள் அணிக்குத் தோல்வி, எனக்கு எச்சரிக்கை.

எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. முப்பது வருட வேலையில் நான் வேண்டிக்கொண்ட ஒரே ஒரு கோப்பை அது. நான் பயிற்சி கொடுத்த பெண், நான் உட்கார்ந்து ஒவ்வொரு தவறாக விளக்கிய பெண், எல்லோர் முன்னிலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றவளிடம் போனேன். "துரோகி" என்றேன். நல்ல தமிழ் வார்த்தை, தெளிவாகச் சொன்னேன்.

அவள் அப்பா ஸ்டியரிங்கிலிருந்து எட்டிப் பார்த்தார். "யார மாஸ்டர் சொல்றீங்க?"

நான் திரும்பி நடந்து வந்துவிட்டேன். பஸ் அங்கிருந்து கிளம்ப ரொம்ப நேரமானது. மீ ஹூன் கூடை பிரிக்கப்படாமலே திரும்பிப் போனதாக யாரோ சொன்னார்கள்.

அதோடு நிற்கவில்லை. தெங்காரா படிப்பு முடிந்ததும் சேர்வதற்காக மாநிலச் சங்கத்தில் பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு என்னைக் கேட்டுத்தான் விண்ணப்பித்தாள், போட்டிக்கு ரொம்ப முன்னால். சங்கத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. பெண் எப்படி என்று கேட்டார்கள். "ஆட்டம் பரவால்ல. ஆனா டீமுக்கு விசுவாசமா இருக்க மாட்டா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. அவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றும் டென்னிஸை விட்டுவிட்டாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். கேட்டபோது வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்ற ஞாபகம்தான் வந்தது. பிறகு வந்த பிள்ளைகளுக்கும் வழக்கம்போல முதல் நாளே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்: சந்தேகமாக இருந்தால் பந்து உள்ளே.

ஓய்வு பெற்ற நாளில் கல்லூரியில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். ஒருவர் எழுந்து, இவரிடம் படித்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பேசினார். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் முதல் முறையாகத் தெங்காரா மேசைக்கு நடந்து போனது வேறு மாதிரி ஞாபகம் வந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தவள் அவள் ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தவன் செய்யவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லை. வருடங்கள் போயின.

போன வருடம் பொந்தியானுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு வரும் வழியில் பெக்கான் நானாஸில் சாப்பிட நிறுத்தினேன். கல்லாவில் அவள் அப்பா இருந்த நாற்காலியில் நானாஸ் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், உடம்பு வைத்திருந்தது. "கோச்" என்று எழுந்து வந்தாள். மீன் குழம்பு அவளே கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்ததும், ரொம்ப நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். உன் வீட்டிலேயே உட்கார்ந்து உன்னைப் பொய் ஆட்டம் ஆட வைத்தேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

அவள் மேசையில் இருந்த தட்டை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"கோச், நீங்க அதுக்கு என்கிட்ட மன்னிப்பு கேக்க வேணாம்."

"கேக்கணும் மா."

"இல்ல கோச். நான் விடவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க தோக்கச் சொன்னதும் எனக்கு ஒரே கோவம். நீங்க சொல்லி நான் தோக்கணுமா, அதுவும் அவகிட்ட. மொதல் செட்ட எடுத்துட்டு மத்த ரெண்டையும் விடலாம்னு எறங்கினேன். மொதல் செட் போயிடுச்சு. அவ எடுத்துட்டா. சரி, ரெண்டாவத ஜெயிச்சுட்டு மூணாவத விட்டுக் குடுப்போம், அப்பத்தான் விட்டது நான்தான்னு எனக்காவது தெரியும்னு உயிரக் குடுத்து ஆடினேன். மூணாவது செட் வரவே இல்ல கோச்."

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல? அவ உன்ன நேரா கேட்டாளே."

அவள் வாசலைப் பார்த்தாள். "தோத்துட்டேன்னு சொல்றதவிட, விட்டுக் குடுத்தேன்னு எல்லாரும் நெனைக்கறது எனக்கு நல்லா இருந்துச்சு."

கோபம் வந்தது எனக்கு. தப்பு செய்யச் சொன்னவனுக்கே, அதைச் செய்யவில்லை என்று கேட்டதும் வந்த கோபம். ஒரு வார்த்தை அன்று சொல்லியிருந்தால் போதும். கோப்பை எங்களுடையது, வரிசை உண்மையான வரிசை, தெங்காரா உண்மையான முதல் ஆள். இவள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வையால் எல்லாம் போயிற்று. இத்தனை வருடம் என்னை ஏமாற்றியவள் இவள்தான் என்று, எச்சில் கையோடு உட்கார்ந்து மனதுக்குள் அவளைத் திட்டினேன். கை கழுவப் போனபோதுதான், அந்தப் பார்வைக்கு ஆளாக, தோற்கச் சொன்னவனாக, அங்கே நின்றது நான்தானே என்று தோன்றியது.

"என்கூட வா. அவகிட்ட சொல்லலாம்" என்றேன்.

"நான் வந்தா அவ கேட்டையே தொறக்க மாட்டா. நீங்க போங்க கோச்." அவள் இப்போது கூலாயில் எந்தத் தாமானில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூருக்குப் போகும் கோஸ்வே பாலத்தில் தினமும் போய் வருகிற மோட்டார் சைக்கிள், பின்னால் பெரிய பெட்டி வைத்தது. நரை விழுந்திருந்தாலும் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவளும் என்னைத் தெரிந்துகொண்டாள்.

"வாங்க சார்" என்றாள். கோச் என்று சொல்லவில்லை.

அவள் அப்பா உள்ளேயிருந்து கைத்தடியோடு வந்தார். காது மந்தமாகியிருந்தது. "யாரு, மாஸ்டரா? உக்காருங்க மாஸ்டர்" என்று தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே என் பக்கம் தள்ளினார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெக்கான் நானாஸ் கடையில் பேசியதிலிருந்து மாநிலச் சங்கத்துக்குப் போனில் சொன்னது வரை. அது அவளுக்குத் தெரியாமல் இருந்தது. கேட்டபோது குழாயை மூடினாள். கடைசியில், நானாஸ் விடவில்லையாம், நீ உண்மையாகவே ஜெயித்தாய் என்றேன். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அவள் ஈரத் துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டாள்.

"இதையும் நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுகிட்டீங்களா?"

"இல்ல மா."

"அன்னைக்கும் இல்லன்னுதான் சொன்னீங்க."

அவள் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவ சொல்றது இருக்கட்டும் சார். நீங்க மரத்தடியில உக்காந்து முழுசா பாத்தீங்க. நீங்க சொல்லுங்க. நான் ஜெயிச்சேனா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன் என்றும் சொல்லலாம். ஆனால் இனி அவளிடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. நானாஸ் ஷூவில் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வெளியே போன ஃபோர்ஹேண்ட் ஞாபகம் இருக்கிறது. எல்லாமே நடிப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது. எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன், வேறு மாதிரி பார்க்க வரவில்லை.

"தெரியல மா" என்றேன். "அவ விடறான்னு நெனச்சுகிட்டே பார்த்தேன்."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "அத்தனை வருஷம் கோடு பாத்த கண்ணு சார் அது."

"என்னம்மா சொல்றாரு மாஸ்டர்?" என்று அவள் அப்பா சத்தமாகக் கேட்டார்.

"அன்னைக்கு நான் ஜெயிச்சேன்னு சொல்றாருப்பா."

"அது பழைய கதையாச்சே. நான்தான் அன்னைக்கே தாமானுக்கே சொல்லிட்டனே." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எழுந்துகொண்டேன். கேட் வரை அவள் வந்தாள். நானாஸோடு ஒரு நாள் ஆடிப் பாரேன், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் ஏற்பாடு என்ற வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

"ஆடி ஜெயிச்சா, நீங்க சொல்லி அவ விட்டான்னு நெனைப்பேன். தோத்தா, அப்பவும் தோத்துதான் இருப்பேன்னு நெனைப்பேன். எதுக்கு சார்?" கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

கார்க் கதவைத் திறந்தபோது, "சார்" என்றாள்.

"சொல்லு மா."

"ஸ்கோர் ஞாபகம் இருக்கா?"

"ஏழு-அஞ்சு" என்றேன். "ரெண்டாவது செட் ஆறு-மூணு."

"ஆறு-நாலு" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைச் சாத்தினாள்.